ஊட்டி தாவரவியல் பூங்கா போறீங்களா? எல்லாரும் என்கிட்ட கேக்கற கேள்விகள், என் பதில்கள்

நான் பொறந்து வளர்ந்தது ஊட்டி. எங்கம்மா தாவரவியல் பூங்காவுல தினக்கூலியா சேர்ந்து இருபது வருஷத்துக்கு மேல நாத்து நட்டு, களை எடுத்து, தொட்டி சுமந்தவங்க. அதனால ஏப்ரல் மாசம் பொறந்தாலே சொந்தக்காரங்க, கூட வேலை பாத்தவங்க, அவங்களுக்குத் தெரிஞ்சவங்கன்னு போன் வந்துட்டே இருக்கும், எல்லாரும் கேக்கறது கிட்டத்தட்ட ஒரே கேள்விதான். ஒரே இடத்துல எழுதி வெச்சுட்டா எல்லாருக்கும் உதவுமேன்னுதான் இது.

பூங்கா எங்க இருக்கு? பஸ் ஸ்டாண்டுல இருந்து நடக்கலாமா?

சேரிங்கிராஸ் தாண்டி கார்டன் ரோட்டுல நேரா மேல வந்தா பூங்கா கேட். ரயில்வே ஸ்டேஷனும் பஸ் ஸ்டாண்டும் பக்கத்துல பக்கத்துலதான், அங்க இருந்து ரெண்டு கிலோமீட்டர் சொச்சம் வரும். தாராளமா நடக்கலாம், ஆனா வந்த அன்னைக்கே வேகமா நடக்காதீங்க, ஊட்டி 2,240 மீட்டர் உயரத்துல இருக்கு, சமவெளில இருந்து நேரா வந்தவங்களுக்கு கொஞ்சம் மேடு ஏறினாலே மூச்சு வாங்கும். ஆட்டோவும் இருக்கு, ஏறும்போதே ரேட் பேசிடுங்க. சீசன்ல சொந்த காரை லாட்ஜ்லயே விட்டுட்டு நடந்து வர்றதுதான் நல்லது, கார்டன் ரோட்டுல பார்க்கிங் தேடியே ஒரு மணி நேரம் போயிடும்.

இ-பாஸ் கண்டிப்பா வேணுமா?

இ-பாஸ்னா மலைக்கு வண்டில வர்றதுக்கு முன்கூட்டியே ஆன்லைன்ல எடுக்கற அனுமதி. சொந்த வண்டியோ வாடகை வண்டியோ வெளில இருந்து வந்தா வேணும். சென்னை ஹைகோர்ட் உத்தரவுப்படி 2024 மே 7ல இருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இது நடைமுறைல இருக்கு. அரசோட இ-பாஸ் வெப்சைட்ல வண்டி நம்பர், எத்தனை பேர், எந்தத் தேதி, எங்க தங்கறீங்கன்னு போட்டா வந்துடும், காசு கிடையாது, யாராவது ஏஜென்ட் பணம் கேட்டா குடுக்காதீங்க. 2025 சீசன்ல நீலகிரிக்கு சாதா நாள்ல 6,000 வண்டி, சனி ஞாயிறுல 8,000 வண்டின்னு கட்டுப்பாடு வெச்சாங்க, அதனால சீசன்ல கடைசி நிமிஷத்துல போட்டுக்கலாம்னு கிளம்பாதீங்க, மலை அடிவாரத்துல கல்லாறு செக்போஸ்ட்ல வண்டிய ஓரம் கட்டி நிறுத்திட்டு குழந்தைகளோட போனைத் தட்டிட்டு நிக்கறவங்கள நான் நிறைய பாத்திருக்கேன். கவர்மென்ட் பஸ்ல வந்தா இந்தப் பிரச்சனையே இல்ல. டிஎன் 43, அதாவது நீலகிரில பதிவான உள்ளூர் வண்டிக்கும் வேண்டாம்.

எந்த ரோட்டுல ஏறணும்?

மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூர் வழி, கோத்தகிரி வழின்னு ரெண்டு இருக்கு. மே மாசம் பெரும்பாலும் குன்னூர் வழியா ஏறி கோத்தகிரி வழியா இறங்கற மாதிரி ஒருவழிப் பாதை ஆக்கிடுவாங்க. கூகுள் மேப் பாத்துட்டு ஊட்டில இருந்து மசினகுடி பக்கம் போற கல்லட்டி வழியா இறங்கலாம்னு மட்டும் நினைக்காதீங்க, 36 கொண்டை ஊசி வளைவு, ரொம்ப செங்குத்து, பிரேக் சூடாகி வண்டி நிக்காம போன விபத்து நிறைய, வெளியூர் வண்டிய அதுல இறங்க விடறதும் இல்ல. எந்த ரோடா இருந்தாலும் ஏறின கியர்லயே இறங்குங்க. மலைல ஏறி வர்ற வண்டிக்குத்தான் முதல்ல வழி.

டைம் என்ன, டிக்கெட் எவ்வளவு?

காலைல ஏழு மணிக்கு திறந்துடுவாங்க, சாயங்காலம் ஆறரை வரைக்கும். டிக்கெட் விலைய அப்பப்போ மாத்தறாங்க, மலர் கண்காட்சி நாள்ல வழக்கத்த விட கூடவே இருக்கும், அதனால நான் இங்க நம்பர் எழுதல, கேட்ல போர்டு இருக்கு. கேமராவுக்கு தனி டிக்கெட்.

ஏழு மணிக்கே போங்க. இத நான் எல்லார்கிட்டயும் சொல்றேன், நூத்துல ரெண்டு பேர்தான் கேக்கறாங்க. எட்டு எட்டரை வரைக்கும் புல் மேல பனித்துளி அப்படியே நிக்கும், வெயில் தொட்டபெட்டா பக்கம் இருந்து மெதுவா இறங்கி வரும், தண்ணி ஊத்தறவங்களும் பெருக்கறவங்களும் மட்டும்தான் இருப்பாங்க. பதினோரு மணிக்கு டூர் பஸ் கூட்டம் வந்துட்டா அது வேற இடம்.

எவ்வளவு நேரம் ஒதுக்கணும்? டிரைவர் ஒரு மணி நேரம் போதும்ங்கறாரு.

போதவே போதாது. அவர் அன்னைக்கே போட்ஹவுஸ், தொட்டபெட்டா, ரோஸ் கார்டன், டீ பேக்டரின்னு எல்லாம் காட்டணும், அவரத் தப்பு சொல்ல முடியாது. ஆனா பூங்கா 55 ஏக்கர், அதுவும் தொட்டபெட்டா மலைச்சரிவுல அடுக்கு அடுக்கா மேல ஏறிப் போற 55 ஏக்கர். ஒரு மணி நேரத்துல என்ன ஆகும்னா, கேட்டத் தாண்டி பெரிய புல்மைதானம் வரும், அங்க உருண்டு பெரண்டு போட்டோ எடுத்து, கண்ணாடி மாளிகைல பூவப் பாத்துட்டு, டைம் ஆயிடுச்சுன்னு திரும்பிடுவீங்க. நிறைய பேர் பாக்கற பூங்கா அவ்வளவுதான், மேல இருக்கறது அவங்களுக்குத் தெரியவே தெரியாது. குறைஞ்சது மூணு மணி நேரம் வெச்சுக்கங்க, மேல ஏறுங்க.

சரி, உள்ள எதெல்லாம் பாக்கணும்? எந்த வரிசைல?

முதல்ல நேரா மேல போயிடுங்க, இறங்கி வரும்போது கீழ இருக்கறதப் பாருங்க. காலைல கால்ல தெம்பு இருக்கும், மேல கூட்டமும் இருக்காது. கீழ்த்தோட்டம், புதுத்தோட்டம், இத்தாலியன் பூங்கா, பவுண்டன் டெரஸ், கண்ணாடி மாளிகை, நர்சரின்னு பகுதி பகுதியா பிரிச்சிருக்காங்க. செடியாலயே வரைஞ்ச இந்தியா மேப் இருக்கு, குழந்தைங்களுக்கு அவங்க ஊர் எங்கன்னு காட்டச் சொல்லுங்க.

மரத்தப் பாருங்க. பூ சீசனுக்கு சீசன் மாறும், மரம் அங்கேயேதான் நிக்குது. குரங்கு ஏறாத மரம்னு ஒண்ணு, தென் அமெரிக்காவுல சிலி பக்கத்து மரம், கிளை முழுக்க இலையே முள்ளு மாதிரி சுத்தி இருக்கும், எங்கம்மா அதுக்குக் கீழ பெருக்கும்போது உதிர்ந்த கிளைய வெறுங்கையால தொடவே மாட்டாங்க. அப்புறம் பேப்பர் மரம். தோல் ஏடு ஏடா உரியும், கையால அமுக்கினா பஞ்சு மாதிரி உள்ள போகும். ஆசையா இருக்குன்னு உரிச்சு உரிச்சு, கைக்கு எட்டற உயரம் வரைக்கும் அதோட அடிமரம் எப்படி ஆயிருக்குன்னு நீங்களே பாருங்க, தயவுசெஞ்சு நீங்களும் உரிக்காதீங்க. பாட்டில் கார்க் செய்யற கார்க் மரமும் இருக்கு, அதோட பட்டை வெடிச்சு வெடிச்சு இருக்கும்.

பெரணி, அதாவது ஃபெர்ன் செடி வளர்க்கற வீட்டையும் விட்டுடாதீங்க. நூத்துக்கு மேல வகை இருக்கு, பூ கிடையாதுன்னு யாரும் உள்ளயே போறதில்ல. சுருண்டிருக்கற குருத்து ஒண்ண கிட்டப் போய்ப் பாருங்க, பிறந்த குழந்தை விரல மடக்கி வெச்சிருக்கற மாதிரியே இருக்கும், மேல பொன் நிறத்துல பூனைமுடி.

அந்தக் கல்மரம் நிஜமாவே மரமா?

மரம்தான். 2 கோடி வருஷம் பழசுன்னு சொல்றாங்க. மண்ணுக்குள்ள புதைஞ்ச மரத்துல தாதுக்கள் கலந்த தண்ணி கொஞ்சம் கொஞ்சமா ஊறி, மரத்தோட நாரு இருந்த இடத்துல எல்லாம் கல்லா இறுகிடும். அதனாலதான் கல்லா மாறினாலும் மரத்தோட கோடு அப்படியே தெரியுது. விழுப்புரம் மாவட்டம் திருவக்கரைல இந்த மாதிரி கல்மரங்கள் நிறைய கிடக்கு, பாத்தவங்களுக்கு உடனே புரியும். இங்க வர்றவங்க அதுக்கு முன்னாடி நின்னு ஒரு போட்டோ எடுத்துட்டு நகர்ந்துடறாங்க, ரெண்டு நிமிஷம் அந்தக் கோட்டப் பாருங்க.

யாரு ஆரம்பிச்சது? வெள்ளைக்காரங்க ராஜா மாதிரி உலாத்தறதுக்கு கட்டினதா?

ஆரம்பம் காய்கறிலதான். 1840கள்ல ஊட்டில இருந்த வெள்ளைக்காரங்க சந்தா போட்டு, இங்கிலீஷ் காய்கறி மலிவா கிடைக்கணும்னு ஒரு தோட்டம் போட்டாங்க. அப்புறம் 1848ல இங்கிலாந்து கியூ தோட்டத்துல வேலை பழகின வில்லியம் கிரஹாம் மக்ஐவர்னு ஒருத்தர் வந்து பூங்காவா அமைக்க ஆரம்பிச்சார். அப்ப மேல்பக்கம் காடு, கீழ்ப்பக்கம் சதுப்பு. இன்னைக்கு நீங்க உக்காந்து கடலை சாப்பிடற புல்மைதானம் அன்னைக்கு கால் வெச்சா உள்ள போற சேறு. அத வடிகட்டி, மண்ணு வெட்டி, அடுக்கு கட்ட பத்து வருஷம் கிட்ட ஆச்சு. கொய்னா மருந்து எடுக்கற சின்கோனா மரத்த நீலகிரில வளர்த்ததும் அவர்தான். அவர் பேர் புத்தகத்துல இருக்கு, மண்ணு சுமந்தவங்க பேர் எங்கயும் இல்ல. இப்ப தமிழ்நாடு தோட்டக்கலைத்துறை நடத்துது.

மலர் கண்காட்சிக்கு வரலாமா, இல்ல கூட்டத்துல மாட்டிக்குவோமா?

வரலாம், ஆனா எதுக்கு வர்றீங்கன்னு முடிவு பண்ணிட்டு வாங்க. மே மாசம் நடக்கும், 2025ல நடந்தது 127வது கண்காட்சி, பதினோரு நாள் நடந்துச்சு. பூவாலயே கோட்டை, அரண்மனை, மிருகம் எல்லாம் கட்டி நிறுத்துவாங்க, மலர் மாடத்துல ஆயிரக்கணக்குல தொட்டி அடுக்கி வெச்சிருப்பாங்க, சால்வியா, டேலியா, பிகோனியா, பேன்சி, மேரிகோல்டுன்னு கண்ணு கொள்ளாது. பிரம்மாண்டம் பாக்கணும், குழந்தைகளுக்கு காட்டணும்னா இதுக்கு ஈடு இல்ல. முதல் நாளையும் சனி ஞாயிறையும் விட்டுட்டு நடு வாரத்துல காலைல வாங்க.

அமைதியா சுத்தணும்னா கண்காட்சி முடிஞ்ச அடுத்த வாரம் வாங்க, தொட்டி பூ எல்லாம் பெரும்பாலும் இருக்கும், கூட்டம் பாதிதான். இல்லன்னா செப்டம்பர், அக்டோபர் ரெண்டாவது சீசன். இன்னொண்ணு, கண்காட்சிக்கு முன்னாடி பெரிய புல்மைதானத்த பராமரிப்புக்காக மூடி வைக்கறது உண்டு. ஏன் உள்ள விடலன்னு செக்யூரிட்டி அண்ணன்கிட்ட சண்டை போடாதீங்க, புல்லுக்கும் ஓய்வு வேணும்.

டிசம்பர், ஜனவரில வந்தா பூவே இருக்காதாமே?

பூ கம்மிதான். ஆனா எனக்கு ரொம்பப் பிடிச்ச மாசம் அதுதான். ராத்திரி உறைபனி விழும், சில நாள் பூஜ்யம் டிகிரி வரைக்கும் போகும், விடியக்காலைல புல்லு மேல உப்பு தூவின மாதிரி வெள்ளையா இருக்கும்.

அப்ப பாத்திகள்ல நாத்துக்கு மேல காஞ்ச குச்சியும் இலையுமா செருகி வெச்சிருக்கறதப் பாப்பீங்க, குப்பைய அள்ளாம விட்டிருக்காங்கன்னு நினைச்சுடாதீங்க. அது கோத்தகிரி மிலார்ங்கற செடி. அந்தச் செடிய வெட்டிட்டு வந்து நாத்துக்கு மேல பந்தல் மாதிரி செருகினா பனி நேரா நாத்து மேல விழாது, மிலார் மேல விழுந்து நின்னுடும். அப்புறம் காலைல வெயில் வர்றதுக்கு முன்னாடி தண்ணி தெளிச்சு பனியக் கழுவி விடணும், உறைஞ்ச இலைல வெயில் நேரா பட்டா கருகிடும். எங்கம்மா சாயங்காலம் மிலார் செருகிட்டு வந்தா விரல் நுனி எல்லாம் கீறி, குளிர்ல ரத்தம் கூட வராம வெளுத்துப் போயிருக்கும், அடுப்புப் பக்கத்துல உக்காந்து கொஞ்ச நேரம் கழிச்சுதான் ரத்தம் கசியும், அப்பதான் வலியே தெரியும்னு சொல்வாங்க. மே மாசம் நீங்க பாக்கற பூவுக்கு வேலை பல மாசத்துக்கு முன்னாடியே இப்படித்தான் ஆரம்பிக்குது. அதனால டிசம்பர்ல வந்தா அந்த வேலையப் பாக்கலாம்.

ஸ்வெட்டர், குல்லா, சாக்ஸ் கண்டிப்பா எடுத்துட்டு வாங்க. மறந்துட்டா கேட் பக்கத்துலயே திபெத்தியன் மார்க்கெட் இருக்கு.

மழைல?

ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் தென்மேற்குப் பருவமழை, அக்டோபர் நவம்பர்ல வடகிழக்கு. குடையோட ரெயின்கோட்டும் வேணும், காத்துல குடை நிக்காது. மேல் அடுக்குல படி வழுக்கும், செருப்பு வேண்டாம், ஷூ போடுங்க. ரெட் அலர்ட் குடுத்தா பயணத்தையே தள்ளிப் போடுங்க, மண் சரிஞ்சு ரோடு மூடினா மலைல மாட்டிக்குவீங்க.

பூங்காவுக்கு மேல தோடர் வீடு இருக்காமே, போய்ப் பாக்கலாமா?

ஆமா, பூங்காவோட உச்சிப் பக்கம் தோடர் மந்து ஒண்ணு இருக்கு, மந்துன்னா அவங்க குடியிருக்கற ஊர். பூங்கா வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே இந்த மலைல எருமை மேய்ச்சு வாழ்ந்தவங்க. அரை வட்டமா, பீப்பாயப் பாதியா வெட்டிக் கவுத்து வெச்ச மாதிரி இருக்கும் பழைய வீடு, மூங்கில், பிரம்பு, புல்லு வெச்சு கட்டறது, வாசல் குனிஞ்சு தவழ்ந்து போற அளவுதான்.

ஆனா ஒண்ணு, அது காட்சிப்பொருள் இல்லங்க, ஜனங்க வாழற இடம். வீட்டு வாசல்ல எட்டிப் பாக்கறது, கேக்காம குழந்தைகள போட்டோ எடுக்கறது, கோயில் பக்கம் போறது எதுவும் வேண்டாம். கோயில்ல அவங்களுக்குள்ளயே யார் போகலாம், யார் போகக்கூடாதுன்னு கட்டுப்பாடு இருக்கு. யாராவது பாட்டி வெளில உக்காந்து துணில பூ வேலை பண்ணிட்டு இருந்தா, வணக்கம் சொல்லி, பாக்கலாமான்னு கேட்டுட்டுப் பாருங்க. வெள்ளைத் துணில சிவப்பும் கருப்பும் நூலு, கீழ வரைஞ்சுக்காம துணியோட இழைய எண்ணி எண்ணியே குத்துவாங்க. அந்தச் சால்வைக்கு புத்துக்குளின்னு பேர். இந்தப் பூ வேலைக்கு 2013ல புவிசார் குறியீடு கிடைச்சது. வாங்கறதா இருந்தா பேரம் பேசாதீங்க, ஒரு சால்வைக்கு வாரக்கணக்குல உழைப்பு போகுது.

வயசான அப்பா அம்மாவ கூட்டிட்டு வரலாமா?

கண்டிப்பா. கீழ்த்தோட்டம், புல்மைதானம், கண்ணாடி மாளிகை வரைக்கும் பெரிய ஏத்தம் இல்ல, வீல்சேர் தள்ளிட்டுப் போகலாம். மேல அடுக்குக்கு படியும் ஏத்தமும் இருக்கு, முட்டி வலி, ஆஸ்துமா, இதயப் பிரச்சனை இருக்கறவங்க வேண்டாம். அவங்கள கீழ பெஞ்சுல உக்கார வெச்சுட்டு மத்தவங்க மாறி மாறி மேல போயிட்டு வாங்க, ஒருத்தராவது கூட இருங்க.

சாப்பாடு கட்டிட்டு வரலாமா? தண்ணி பாட்டில்?

நீலகிரி முழுக்க ஒருமுறை பயன்படுத்தற பிளாஸ்டிக்குக்கு தடை, ஒரு லிட்டர் ரெண்டு லிட்டர் தண்ணி பாட்டில் உட்பட. செக்போஸ்ட்லயே வண்டிய சோதிச்சு எடுத்துக்குவாங்க, அபராதமும் உண்டு. எவர்சில்வர் பாட்டில் கொண்டு வாங்க, வாட்டர் ஏடிஎம் அங்கங்க இருக்கு. சிப்ஸ் பாக்கெட்டும் அதே கணக்குதான். சாப்பாட்ட சேரிங்கிராஸ் பக்கம் ஹோட்டல்ல முடிச்சுட்டு வாங்க, அதான் லேசு. வெளில வந்ததும் சுடச்சுட மிளகாய் பஜ்ஜியும் வேகவெச்ச சோளமும் கிடைக்கும், அந்தக் குளிருக்கு அது ஒரு சுகம்.

பூங்காவுல குறிஞ்சிப்பூ பாக்கலாமா?

நீங்க நினைக்கற மலை முழுக்க நீலமா இருக்கறது இங்க இல்ல. நீலக்குறிஞ்சி 12 வருஷத்துக்கு ஒருதடவை புல்வெளி மலைகள்ல பூக்கறது, 2006, 2018ல பூத்துச்சு, அடுத்தது 2030. நடுவுல வேற வேற வருஷத்துல பூக்கற வேற குறிஞ்சி வகையும் உண்டு, அதான் வருஷா வருஷம் எங்கயாவது குறிஞ்சி பூத்துடுச்சுன்னு நியூஸ் வருது. எங்க பாத்தாலும் பறிக்காதீங்க, விதை விழுந்தாத்தான் அடுத்த 12 வருஷத்துக்கு அது இருக்கும்.

அதே நாள்ல ரோஸ் கார்டன், சிம்ஸ் பார்க் ரெண்டும் முடிச்சிடலாமா?

ரோஸ் கார்டன் முடியும், சிம்ஸ் பார்க் வேண்டாம். ரோஸ் கார்டன் எல்க் ஹில் சரிவுல விஜயநகரம் பக்கம், மலர் கண்காட்சியோட நூற்றாண்டு நினைவா 1995ல ஆரம்பிச்சது, 2006ல உலக ரோஜா சங்கங்களோட கூட்டமைப்பு விருது வாங்கின தோட்டம். வருஷ ஆரம்பத்துல கவாத்து பண்ணி விடுவாங்க, அப்ப போனா குச்சிதான் தெரியும். ஏப்ரல், மே பாக்க அருமை. பலத்த மழைல இதழ் அழுகிடும்.

சிம்ஸ் பார்க் குன்னூர்ல, 1874ல ஆரம்பிச்சது, மே மாசம் பழக் கண்காட்சி அங்கதான். ஊருக்கு இறங்கற அன்னைக்கு காலைல வெச்சுக்கங்க, வழிலதான் வருது.

மலை ரயில்ல வந்துட்டு அன்னைக்கே பூங்கா பாக்க முடியுமா?

மேட்டுப்பாளையத்துல காலைல 7.10க்கு கிளம்பினா ஊட்டி வர மதியம் ஆயிடும், 46 கிலோமீட்டருக்கு கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம். ஏத்தத்துல பல்சக்கரத்துல ஊர்ந்து வர்ற வண்டி, 208 வளைவு, 16 குகை, ஊட்டி வரைக்கும் 1908ல வந்தது. ரயிலே ஒரு நாளுக்குப் போதுமான அனுபவம். சாப்பிட்டுட்டு தூங்குங்க, மறுநாள் ஏழு மணிக்கு பூங்கா.

காட்டுமாடு வருமாமே, பயமா இருக்கு.

ஊருக்குள்ளயே வரும், பொதுவா அது பாட்டுக்கு மேஞ்சுட்டுப் போயிடும். பாத்தா நின்ன இடத்துல நின்னு மெதுவா பின்னாடி நகருங்க. செல்ஃபிக்கு கிட்டப் போறது, கத்தறது, கல்லு எறியறது கூடவே கூடாது. குரங்குக்கும் தீனி போடாதீங்க, அடுத்து வர்ற குழந்தை கைல இருந்து புடுங்கும்.

பூ, விதை, செடி எடுத்துட்டுப் போகலாமா?

பறிக்கக்கூடாது, கீழ விழுந்த காயைக் கூட பொறுக்காதீங்க. செடி வேணும்னா தோட்டக்கலைத்துறை விக்கற இடம் இருக்கு, அங்க வாங்குங்க. ஆனா மதுரை, திருச்சி வெயில்ல ஊட்டிச் செடி பெரும்பாலும் பிழைக்காது, வாங்கறதுக்கு முன்னாடி உங்க ஊரச் சொல்லி எது தாங்கும்னு கேளுங்க.

செடி பேர் எல்லாம் யார்கிட்ட கேக்கறது? கைடு வேணுமா?

சில மரத்துக்கு போர்டு இருக்கு, மத்ததுக்கு பாத்தில வேலை செய்யற அக்காங்ககிட்ட கேளுங்க. பத்து மணிக்கு முன்னாடி, தண்ணி ஊத்தற நேரத்துல பேச நேரம் இருக்கும். "அக்கா, இது என்ன பூ?"ன்னு கேட்டாப் போதும், பேர் மட்டும் இல்ல, எப்ப விதை போட்டது, எந்த வருஷம் சரியா வரல, எந்தப் பூச்சி விழும் வரைக்கும் சொல்வாங்க. எங்கம்மா ரிட்டயர் ஆகி வீட்டுல இருக்காங்க, போன மே மாசம் கூட்டிட்டுப் போனேன், டிக்கெட் எடுத்து முதல் தடவையா கேட் வழியா பாக்க வந்தவங்களா உள்ள போனாங்க. பேன்சி பாத்தி வந்ததும் நின்னுட்டாங்க, கம்பிக்கு இந்தப் பக்கம் இருந்தே குனிஞ்சு ஒரு களைய எட்டிப் புடுங்கி சேலை முந்தானைல முடிஞ்சுகிட்டாங்க.